வாடைக்குப் பெயர் வைத்தவர்கள்

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில் பேருந்து சிறிது தொலைவு சென்றதும் பயணிகளின் கைகள் தாமாகவே மூக்கருகே உயரும். சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிட்டது என்பதைப் பெயர்ப்பலகைக்கு முன்பே மூக்கு அறிவித்துவிடும். அவ்வழியே பல ஆண்டுகள் சென்று வந்தவர்களின் நினைவில் அத்தொழிற்பேட்டை கட்டடங்களாகப் பதிந்திருப்பதைவிட ஒரு நெடியாகவே பதிந்திருக்கிறது. சில நிமிடங்களில் பேருந்து அவ்விடத்தைக் கடந்துவிடும். கைகள் கீழே இறங்கும். பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அவ்வாறு கடந்து செல்லும் வாய்ப்பு ஈச்சங்காடு, குடிகாடு, சங்கொலிக்குப்பம், சோனஞ்சாவடி, செம்மங்குப்பம், காரைக்காடு ஆகிய ஊர்களில் வாழ்வோருக்கு இல்லை. தொழிற்பேட்டையை ஒட்டியும் சூழ்ந்தும் அமைந்தவை இவ்வூர்கள். கிழக்கே உப்பனாறு, அதற்கும் அப்பால் வங்கக் கடல். மீன்பிடித்தும் பயிர் செய்தும் வாழ்ந்த மக்களின் அருகே 1980களில் சாயம், பூச்சிக்கொல்லி, மருந்துப்பொருள் முதலியவற்றை ஆக்கும் வேதி ஆலைகள் எழுந்தன. வேலை வந்தது. அதனுடன் வாடையும் வந்தது.

வாடை பெரும்பாலும் இரவில் வந்தது. பகலில் நிலம் விரைந்து சூடேற, கடலிலிருந்து காற்று கரை நோக்கி வீசும். இரவில் நிலம் விரைந்து குளிர, காற்று திரும்பி நிலத்திலிருந்து கடலை நோக்கிச் செல்லும். அப்போது ஆலைகளுக்குக் கிழக்கே உள்ள வீடுகள் காற்றின் வழியில் நிற்கின்றன. மேலும், அமைதியான இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துவிடுவதால் புகையும் வாயுவும் மேலே எழுந்து கலைந்து போவதில்லை. ஊரின் மீதே படிந்து நிற்கும். உறக்கத்திலிருந்து குழந்தை இருமிக்கொண்டு எழும். கண் எரியும். சன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் வாடை.

மறுநாள் காலையில் முறையீடு எழுதப்படும். "நேற்று இரவு தாங்க முடியாத துர்நாற்றம் வீசியது." அதை வாங்கிப் பார்ப்பவருக்கு எழும் ஐயங்கள் நியாயமற்றவை அல்ல. என்ன நாற்றம்? எத்தனை மணிக்கு? எங்கிருந்து வந்தது? எவ்வளவு நேரம் இருந்தது? அவர் நேரில் வந்து பார்க்கும் வேளையில் கடற்காற்று வீசிக்கொண்டிருக்கும், வானம் தெளிவாயிருக்கும், வாடை இருந்ததற்கான தடயம் ஒன்றும் இராது. துர்நாற்றம் என்னும் ஒற்றைச் சொல் துன்பத்தைச் சொல்லிற்று, வேறெதையும் சொல்லவில்லை. அளக்க முடியாத ஒன்றைப் பற்றிய சொல்லாக அது ஏட்டிலேயே தங்கிவிட்டது.

ஒரு சொல், பல பொருள்

சொல்லின் குறையை மக்களின் குறை என்று கொள்ளலாகாது. தமிழில் மணத்தைப் பற்றிய சொற்களே சற்று வழுக்கும் இயல்புடையவை. நாற்றம் என்பது பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. இன்று அச்சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கிறோம். வாடை என்னும் சொல்லோ இன்னும் விந்தையானது. வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்று வாடை. மூக்கில் ஏறும் நெடியும் வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, தெற்கிலிருந்து வருவது தென்றல் என்று நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் வைத்த மொழியில், அந்நான்கனுள் ஒன்று நெடிக்கும் பெயராகிவிட்டது. மார்கழி மாதத்தில் கடலூரில் ஒருவர் "இரவெல்லாம் வாடை" என்று சொன்னால், அவர் போர்வை தேடினாரா, கைக்குட்டை தேடினாரா என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அறியலாம்.

பேச்சு வழக்கில் இதனால் பெருந்தீங்கு இல்லை. பேசுபவரும் கேட்பவரும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் இருக்கிறார்கள். ஆனால் ஓர் ஊரில் எழுதியதை வேறோர் ஊரில், வேறோர் ஆண்டில், முன்பின் அறியாத ஒருவர் படித்துப் பயன்கொள்ள வேண்டுமானால் நிலைமை வேறு. அங்கே முகக்குறிப்பு இல்லை. கைகாட்டும் திசை இல்லை. சொல் மட்டுமே இருக்கிறது. அச்சொல்லுக்கு இதுதான் பொருள் என்று எழுதியவரும் படிப்பவரும் முன்பே உடன்பட்டிருந்தால் ஒழிய அக்குறிப்பு பயன் தராது. வளிமண்டல அறிவியலின் பெரும்பகுதி உழைப்பு இந்த உடன்பாட்டிற்காகவே செலவிடப்பட்டிருக்கிறது என்றால் அது மிகையன்று.

வாளியில் அடைத்த காற்று

2004ஆம் ஆண்டில் சிப்காட்டைச் சூழ்ந்த ஊர்களின் மக்கள் சிலர் தம் காற்றைத் தாமே கண்காணிக்கத் தொடங்கினர். சிப்காட் பகுதி சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்று தம் குழுவுக்குப் பெயரிட்டுக்கொண்டனர். அவர்களுக்குத் துணையாக வந்த கருவி ஒரு வாளி.

அந்த வாளிக்கு ஒரு வரலாறு உண்டு. 1995இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றின் அருகே வாழ்ந்த மக்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் எட்வர்டு மாஸ்ரி, விலையுயர்ந்த கருவிகளுக்கு மாற்றாக எளிய மக்களே கையாளத்தக்க ஒரு காற்று சேகரிப்புக் கருவியை உருவாக்கச் செய்தார். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி. அதனுள்ளே வாயுக்களோடு எளிதில் வினைபுரியாத டெட்லார் என்னும் பொருளால் ஆன பை. பையின் வாய் ஒரு குழாய் வழியே வாளிக்கு வெளியே நீண்டிருக்கும். வாளிக்குள் உள்ள காற்றைச் சிறு உறிஞ்சியால் வெளியேற்றினால் உள்ளே அழுத்தம் குறையும். குழாயைத் திறந்ததும் வெளிக்காற்று தானாகவே பைக்குள் புகுந்து அதை நிரப்பும். மூச்சை இழுக்கும்போது நம் நுரையீரல் செய்வதும் இதுவே. டென்னி லார்சன் என்பவர் இம்முறையைப் பல நாடுகளின் ஆலையோர மக்களுக்குக் கற்பித்தார். அவ்வழியே அது கடலூரையும் அடைந்தது.

வாளியில் காற்றை அடைப்பது எளிது. எப்போது அடைப்பது என்பதே கடினம். ஆய்வகச் சோதனைக்குச் செலவு மிகுதி. வாடை வந்த ஒவ்வொரு முறையும் பையை நிரப்பி அனுப்ப இயலாது. எந்த வாடை அடிக்கடி வருகிறது, எது எந்த வேளையில் வருகிறது, எதனால் உடலுக்கு மிகுந்த தீங்கு நேர்கிறது என்பதை முதலில் அறிந்தால்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய இரவு எது என்று முடிவு செய்யலாம். அதற்கு மூக்கே முதற்கருவி. மூக்கு கண்டதை எழுத ஒரு குறிப்பேடு. குறிப்பேட்டில் எழுதப் பெயர்கள்.

துர்நாற்றம் என்னும் ஒற்றைச் சொல் இங்கேதான் உடைந்து பலவாயிற்று. அழுகிய முட்டை வாடை. அழுகிய முட்டைக்கோசு வாடை. நகச்சாய வாடை. பிண வாடை. ஒவ்வொன்றும் எல்லாரும் முகர்ந்தறிந்த ஒரு பொருளைக் கொண்டு பெயரிடப்பட்டது. இப்பெயர்களில் புலமை ஏதும் இல்லை. ஆயினும் நல்ல கலைச்சொல்லுக்கு வேண்டிய முதல் இலக்கணம் அவற்றில் இருந்தது. ஈச்சங்காட்டில் ஒருவர் அழுகிய முட்டை என்று எழுதினால் குடிகாட்டில் இருப்பவருக்கு அது எந்த வாடை என்பது ஐயமின்றி விளங்கும். நெடி, கடும் நெடி, சகிக்கவொண்ணா நெடி என்று எழுதியிருந்தால் அவரவர் பொறுமையின் அளவைத்தான் அது காட்டியிருக்கும்.

பெயருடன் வேறு சில கட்டங்களும் குறிப்பேட்டில் நிரப்பப்பட்டன. தேதி, நேரம், இடம், காற்றின் திசை, உடலில் தோன்றிய குறிகள். இந்தக் கடைசிக் கட்டம் ஏன் தேவை என்பதற்கு அறிவியலில் ஒரு காரணம் உண்டு. அழுகிய முட்டை வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை மிகச் சிறிய அளவிலேயே மூக்கு உணர்ந்துவிடும். ஆனால் அதன் செறிவு மிகவும் உயர்ந்தால் முகரும் நரம்பு மரத்துப்போகும். வாடை நின்றுவிட்டதுபோலத் தோன்றும். மூக்கை மட்டும் நம்பியவர் ஆபத்து நீங்கியது என்று எண்ணும் வேளையே ஆபத்து மிகுந்த வேளையாக இருக்கக்கூடும். கண் எரிச்சலும் தலைவலியும் குமட்டலும் மூச்சுத்திணறலும் எழுதி வைக்கப்பட்டால் மூக்கு சொல்லாததை உடல் சொல்லும்.

எங்கிருந்து, எங்கே?

காற்றின் திசை என்னும் கட்டம் எளிமையானது போல் தோன்றும். மேற்கு என்று எழுதினால் போதுமே. ஆனால் மேற்கிலிருந்து வருகிறதா, மேற்கு நோக்கிச் செல்கிறதா? ஆலைக்குக் கிழக்கே வீடு உடையவருக்கு இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு மிகப் பெரிது. ஒன்றில் ஆலையின் காற்று அவர் வீட்டை நோக்கி வருகிறது. மற்றொன்றில் கடற்காற்று அவரைக் கடந்து ஆலைக்குச் செல்கிறது. எழுதியவர் ஒன்றை எண்ணி, படிப்பவர் மற்றொன்றை எண்ணினால் குற்றமற்ற ஆலையின் மீது பழி விழும். வாயுவை விட்டது வேறோர் இடமாக இருக்கும்.

நம் முன்னோர் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. தென்றல் தெற்கிலிருந்து வருவது. தெற்கே போவது அன்று. உலக வானிலையாளரும் காற்றை அது வரும் திசையால்தான் பெயரிடுகின்றனர். ஆனால் கடல் நீரோட்டத்தை ஆய்வோரின் மரபு இதற்கு நேர்மாறானது. நீரோட்டத்தை அது செல்லும் திசையால் குறிப்பர். கடலூர்க் கரையில் நின்று ஒருவர் "வடக்குக் காற்று, வடக்கு நீரோட்டம்" என்று அறிவியல் மரபுப்படி எழுதினால், காற்றும் நீரும் ஒன்றுக்கொன்று எதிராகச் செல்கின்றன என்பதே அதன் பொருள். இவ்விரு மரபுகளும் தத்தம் துறைக்குள் முறையானவையே. காற்றையும் கடலையும் ஒரே கணிப்பில் சேர்த்துப் பார்க்க வேண்டிய காலம் வந்தபோதுதான் இடர்ப்பாடு வெளிப்பட்டது.

உலகம் உடன்பட்ட பெயர்கள்

அந்தக் காலம் கணினிகளுடன் வந்தது. பூமியின் வளிமண்டலத்தையும் கடலையும் கணினியில் உருவகப்படுத்தி எதிர்காலக் காலநிலையைக் கணிக்கும் பணியில் பல நாட்டு ஆய்வு நிலையங்கள் ஈடுபட்டன. ஒவ்வொன்றும் தன் முடிவுகளைத் தான் விரும்பிய பெயரில் எழுதி வைத்தது. ஒரு நிலையத்தின் கோப்பில் டி என்னும் ஓரெழுத்து வெப்பநிலையைக் குறித்தது. மற்றொன்றில் அதே எழுத்து காலத்தைக் குறித்தது. வெப்பநிலை என்று எழுதியிருந்தாலும், அது தரையின் வெப்பநிலையா, தரைக்கு மேலுள்ள காற்றின் வெப்பநிலையா, நாளின் உச்சமா, சராசரியா, செல்சியசில் எழுதியதா, கெல்வினில் எழுதியதா என்னும் வினாக்கள் நின்றன. எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால் சொல்வார். அவர் ஓய்வு பெற்றுவிட்டால்?

இதற்குத் தீர்வாக 2003ஆம் ஆண்டில் காலநிலை, முன்கணிப்புத் தரவுக்கான மரபுகள் என்னும் விதித்தொகுப்பின் முதற்பதிப்பு வெளிவந்தது. சி.எஃப். மரபுகள் என்று சுருக்கமாக வழங்கப்படும் இதன் ஒரு பகுதி செந்தரப் பெயர்ப் பட்டியல். இன்று அதில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விளக்கமும் ஓர் அலகும் உண்டு. புதிய பெயர் வேண்டுவோர் அதை முன்மொழிய வேண்டும். பல நாட்டு அறிஞர்கள் வெளிப்படையாக விவாதிப்பர். உடன்பாடு எட்டிய பின்னரே அது பட்டியலில் ஏறும். ஒரு பெயர் பிழையெனத் தெரிந்து மாற்றப்பட்டாலும் பழைய பெயர் தூக்கி எறியப்படுவதில்லை. அப்பெயரில் எழுதப்பட்ட பழைய கோப்புகள் படிக்க முடியாமற் போய்விடக் கூடாது என்பதற்காக, மாற்றுப்பெயராக அது காக்கப்படுகிறது. ஊரின் பெயரை மாற்றும்போது எவரும் இத்தனை கவலை கொள்வதில்லை.

அப்பட்டியலில் காற்றின் திசைக்கு ஒரு பெயர் இல்லை. இரண்டு பெயர்கள் உள்ளன. காற்று வரும் திசை என்பது ஒன்று. காற்று செல்லும் திசை என்பது மற்றொன்று. எதை எழுதினோம் என்பதைப் பெயரே சொல்லிவிடும். ஈச்சங்காட்டுக் குறிப்பேட்டின் ஒரு கட்டத்தில் எழுந்த ஐயத்தை உலகின் பெரிய கணினிகளும் எதிர்கொண்டிருக்கின்றன என்பது நினைக்கத்தக்கது.

பட்டியலில் பெயர்கள் சற்று நீண்டவை. பென்சீன் என்று மட்டும் எழுத முடியாது. காற்றிலுள்ள பென்சீனின் மோல் பின்னம் என்று எழுத வேண்டும். அல்லது காற்றிலுள்ள பென்சீனின் நிறை பின்னம் என்று எழுத வேண்டும். எப்பொருள், எதில், எவ்வகை அளவு என்னும் மூன்றும் பெயருக்குள்ளேயே இருக்கும். இந்த நீளம் வீண் அலங்காரம் அன்று. பத்து என்று அறிக்கையில் ஓர் எண் இருக்கிறது என்று கொள்வோம். நூறு கோடிக் காற்று மூலக்கூறுகளில் பத்து பென்சீன் மூலக்கூறுகள் என்பது அதன் பொருளாயின், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 32 மைக்ரோகிராம் பென்சீன் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடுக்கு அதே பத்து ஏறத்தாழ 14 மைக்ரோகிராம் ஆகும்; அதன் மூலக்கூறு எடை குறைவு. அலகை எழுதாமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் மும்மடங்கு அபாயத்தை ஒருவர் பாதுகாப்பு என்று படித்துவிடக்கூடும்.

அலகை மறந்ததன் விளைவை விண்வெளித் துறை அறியும். செவ்வாய்க் கோளை ஆராயச் சென்ற அமெரிக்க விண்கலம் ஒன்று 1999 செப்டம்பரில் அழிந்தது. ஒரு குழு பவுண்டு அலகில் கணக்கிட்டுக் கொடுத்ததை மற்றொரு குழு நியூட்டன் அலகு எனக் கொண்டு கலத்தைச் செலுத்தியதே காரணம். இரு குழுவினரும் தத்தம் கணக்கைத் தனித்தனியே சரியாகத்தான் போட்டிருந்தனர்.

இவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. மழையளவை எடுத்துக்கொள்ளலாம். இந்திய வானிலைத் துறையின் வழக்கப்படி ஒரு நாளின் மழை என்பது முதல் நாள் காலை 8.30 மணி முதல் அன்று காலை 8.30 மணி வரை பெய்த மழை. திங்கட்கிழமை மாலையில் கடலூரில் கொட்டிய மழை செவ்வாய்க்கிழமைத் தேதியில் பதிவாகும். பள்ளி மழைமானியில் மாணவர் ஒருவர் நள்ளிரவு தொடங்கி நள்ளிரவு வரை அளந்து எழுதினால், அவர் எண்ணும் துறையின் எண்ணும் பொருந்தா, இருவரும் சரியே. இன்னும் ஒன்று. உலகத் தரவுகள் ஒருங்கிணைந்த உலக நேரத்தில் எழுதப்படுகின்றன. இந்திய நேரம் அதனினும் ஐந்தரை மணி முந்தியது. செவ்வாய் நள்ளிரவு கடந்து 1.30 மணிக்குக் குடிகாட்டில் வந்த வாடை, உலக நேரப்படி திங்கள் இரவு 8 மணிக்கு வந்ததாகும். எந்தக் கடிகாரம் என்று எழுதாவிட்டால் வாடை ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடும்.

பெயரின்மேல் உடன்பாடு காண்பது தமிழருக்குப் புதிதன்று. அறிவியலுக்குத் தமிழ்ச் சொற்களை ஆக்கவும் ஒழுங்குபடுத்தவும் 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் முயன்றனர். ஆயினும் இன்றும் தமிழ்நாட்டுப் பாடநூலில் ஹைட்ரஜனாக இருப்பது இலங்கைப் பாடநூலில் ஐதரசனாக இருக்கிறது. இங்கே ஆக்சிஜன், அங்கே ஒட்சிசன். ஒரே செய்தித்தாளிலேயே பருவநிலை மாற்றம், காலநிலை மாற்றம், தட்பவெப்பநிலை மாற்றம் என்று மூன்று பெயர்கள் மூன்று பக்கங்களில் வருவதுண்டு. படிப்பவர் பொருள் உணர்ந்துகொள்வார், சொல்லை மட்டுமே ஒப்பிடும் தேடல் உணராது. காலநிலை என்று தேடுபவருக்குப் பருவநிலை என்று எழுதிய கட்டுரை கிடைக்காமற் போகலாம்.

வேதியியலார் இச்சிக்கலைத் தம் வழியில் தீர்த்துக்கொண்டனர். பொருளுக்கு எத்தனை பெயர் இருப்பினும் ஒரே ஒரு பதிவெண் கொடுத்துவிட்டனர். அசிட்டோன் என்றாலும் புரோப்பனோன் என்றாலும் அதன் எண் 67-64-1 தான். பென்சீனுக்கு 71-43-2. எண்ணுக்கு மொழி இல்லை. ஆனால் எண்ணை முகர்ந்தறிய முடியாது. நகச்சாய வாடை என்று எழுதப்பட்ட குறிப்பு ஒருபுறம், 67-64-1 என்று எழுதப்பட்ட ஆய்வக அறிக்கை மறுபுறம். இரண்டையும் இணைப்பதற்கு இடையில் ஒரு வாளி வேண்டியிருந்தது.

பட்டியலில் இல்லாத பெயர்

கடலூரில் நிரப்பப்பட்ட பைகள் கலிபோர்னியாவிலுள்ள ஆய்வகம் ஒன்றுக்கு வானூர்தியில் சென்றன. ஒவ்வொரு பையுடனும் ஒரு தாள் சென்றது. யார் எடுத்தது, எங்கே, எப்போது, யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்பவை அதில் இருந்தன. முடிவுகள் 2004ஆம் ஆண்டிலேயே ஓர் அறிக்கையாக வெளிவந்தன. அறிக்கையின் ஆங்கிலத் தலைப்பு 'கேஸ் டிரபுள்'. தமிழ் வீடுகளில் அச்சொல் வயிற்று உபாதையைக் குறிக்கும் என்பது தலைப்பிட்டவர்க்குத் தெரிந்தே இருக்க வேண்டும். காற்றில் 22 நச்சு வேதிப்பொருள்கள் இருப்பதாகவும், அவற்றுள் 8 புற்றுநோயைத் தூண்டக்கூடியவை என்றும் அவ்வறிக்கை கூறிற்று.

கண்காணிப்பாளரின் மூக்கு பொய் சொல்லவில்லை என்பது உறுதியாயிற்று. ஆனால் அடுத்த வினா உடனே எழுந்தது. இவ்வளவு இருந்தால் அது தவறா? எந்த அளவு வரை இருக்கலாம்? அக்காலத்தில் இந்தியாவில் வெளிக்காற்றின் தரத்துக்கு வகுக்கப்பட்டிருந்த வரம்புகள் தூசி, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, காரீயம் முதலிய சிலவற்றுக்கே இருந்தன. வாளியில் அகப்பட்ட பல பொருள்களுக்குப் பட்டியலில் இடமே இல்லை. பட்டியலில் பெயர் இல்லாத பொருளை எவரும் அளப்பதில்லை. அளக்காத பொருளுக்கு வரம்பு மீறல் என்பது இல்லை. அறிக்கை அமெரிக்க நாட்டின் அளவுகோல்களோடு ஒப்பிட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. நச்சுக்கழிவு குறித்த உச்ச நீதிமன்றக் கண்காணிப்புக் குழு அவ்வாண்டு செப்டம்பரில் கடலூருக்கு வந்தது. காற்றிலுள்ள நச்சு வாயுக்களுக்கும் இந்நாட்டில் வரம்பு வேண்டும் என்னும் குரல் அதன்பின் வலுப்பெற்றது.

அதே 2004ஆம் ஆண்டில், வங்கக் கடலையும் அரபிக் கடலையும் சூழ்ந்த எட்டு நாடுகள் உடன்பட்டு உருவாக்கிய பெயர்ப்பட்டியலின்படி புயல்களுக்குப் பெயர் சூட்டுவது தொடங்கியது. அரபிக் கடலில் தோன்றிய ஒனில் என்பதே அப்பட்டியலில் முதற்பெயர். அதன்பின் ஏழாண்டு கழித்து, 2011 டிசம்பர் 30 அன்று, மியான்மர் நாடு பெயரிட்ட தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. கடலூர் மாவட்டத்தில் தானே என்ற பெயரைச் சொன்னால் இன்றும் சாய்ந்த பலாமரங்களையும் முந்திரிக் காடுகளையும் நினைவுகூர்வோர் உண்டு. ஓர் இரவின் காற்றுக்குப் பெயர் கிடைத்ததால் அது இழப்பீட்டு மனுவிலும் அரசாணையிலும் பேச்சிலும் நிலைபெற்றது. பல நூறு இரவுகள் வந்துபோன காற்றுக்கு அப்படி ஒரு பெயர் வாய்க்கவில்லை.

2009 நவம்பரில் தேசிய காற்றுத் தர அளவுகோல்கள் திருத்தி வெளியிடப்பட்டன. பட்டியல் பன்னிரண்டு பொருள்களாக வளர்ந்தது. பென்சீன் முதன்முறையாக அதில் இடம்பெற்றது. ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்பது அதன் வரம்பு. எப்பொருள், எதில், எத்தனை கால அளவில், எந்த அலகில் என்பவை எல்லாம் அவ்வரியில் உள்ளன. கடலூர் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்வது மிகைப்படுத்தல். பல நகரங்களின் மூச்சு அவ்வரிக்குள் இருக்கிறது. எனினும் ஐந்தாண்டுக்கு முன் பட்டியலில் இல்லாத ஒரு பெயரை உரக்கச் சொன்னவர்களுள் உப்பனாற்றங்கரையினரும் இருந்தனர்.

அதே ஆண்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டு மதிப்பெண் வழங்கியது. 70க்கு மேல் பெற்ற 43 இடங்கள் மிகவும் மாசடைந்தவை எனக் குறிக்கப்பட்டன. கடலூர் 77.45 பெற்றது. மதிப்பெண் கூடியதற்காக ஊரே வருந்தத்தக்க தேர்வு அது ஒன்றுதான்.

அழுகிய முட்டையின் கதை அவ்வாறு முடியவில்லை. உலக நலவாழ்வு அமைப்பு ஹைட்ரஜன் சல்பைடுக்கு வழிகாட்டு அளவுகளைக் கூறியுள்ளது. வாடையால் தொல்லை நேராதிருக்க அரை மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 7 மைக்ரோகிராமுக்கு மிகக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. ஆனால் 2009இல் வகுக்கப்பட்ட இந்தியப் பட்டியலின் பன்னிரண்டு பெயர்களில் அவ்வாயு இல்லை. எல்லார்க்கும் முதலில் அடையாளம் தெரிந்த வாடை, குறிப்பேட்டில் முதலில் பெயர் பெற்ற வாடை, நாட்டின் பட்டியலில் பெயர் பெறவில்லை.

மாலை மங்கியதும் கடற்காற்று தளரும். சிறிது நேரம் காற்றே இராது, தென்னங்கீற்று அசையாது. பிறகு மெல்ல நிலத்திலிருந்து காற்று எழும். வீட்டு வாசலில் கொடியில் காயும் துணி எப்பக்கம் சாய்கிறது என்று பார்த்து, நேரத்தை எழுதி, அடுத்த கட்டத்தில் காற்று வரும் திசை மேற்கு என்று எழுதிவிட்டு, வாடை என்னும் கட்டத்தை நிரப்பாமல் விரல் காத்திருக்கும்.